வீட்டுக்கு அடியில் ஓடும் குழாய்: பின்கட்டிலிருந்து முன்தெரு வரை ஒரு சாதி வரலாறு

போன மழைக்காலம் முடிந்த சமயம். திருவல்லிக்கேணியில் ஒரு பழைய வீட்டுக்குப் போயிருந்தேன். முன்பகுதியில் வாடகைக்கு இருந்த ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோயிருந்தது. மனு எழுதி முடித்துக் கிளம்பும்போது வீட்டுக்காரர் உள்ளே கூப்பிட்டு அடுக்களையைக் காட்டினார். டைல்ஸ் இடுக்குகளில் கறுப்பாக ஈரம். வீடு முழுக்க வாடை.

“அடியில போற டிரெய்னேஜ் குழாய் உடைஞ்சிருக்கு மேடம். எங்க தாத்தா காலத்து ஸ்டோன்வேர் பைப். எடுத்துட்டுப் புதுசு போடணும். நீங்க இந்த ஃபீல்டுலதானே இருக்கீங்க, உங்க ஆளுங்கள்ல யாராச்சும் இருந்தா நம்பர் குடுங்களேன்.”

“பிளம்பர் வந்து பார்த்தாரா சார்?”

“பார்த்தாரு. புதுக் குழாய் போட்டுத் தரேங்கறாரு. பழசை நோண்டி எடுக்க மாட்டாராம். அதுக்கு வேற ஆளு பாத்துக்கங்கன்னுட்டாரு. மிஷினும் உள்ள வராது, ஆளுதான் இறங்கணும்.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. காபி கொடுத்தார், பாட்டியிடம் வாடகை ஏற்றாமல் வைத்திருக்கிறார். ஆனால் “உங்க ஆளுங்க” என்ற சொல் வீட்டுக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. நான் தூய்மைப் பணியாளர்களோடு வேலை செய்கிறேன் என்பதால் அப்படிச் சொன்னாரா, நான் யார் வீட்டுப் பெண் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஒரே குழாய். புதியதைப் போட ஒருவர், பழையதை எடுக்க இன்னொருவர். இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? அதற்கு முன் இன்னொரு கேள்வி. கழிவுநீர்க் குழாய் எதற்காக அடுக்களைக்கு அடியில் போகிறது? இரண்டுக்கும் பதில் ஒன்றுதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

கக்கூஸ் ஏன் கொல்லையில் இருந்தது?

திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ஜார்ஜ் டவுன் பகுதிகளின் பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முன்புறம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் இதே அமைப்புதான். கழிப்பிடம் கொல்லையின் கடைக்கோடியில் இருந்தது. சுகாதாரத்துக்காக அப்படி வைத்தார்கள் என்று இன்று சொல்வார்கள். சுகாதாரம் மட்டும் காரணமென்றால் அதே கொல்லையில், சில அடி தூரத்தில் குடிநீர்க் கிணறு வெட்டியிருக்க மாட்டார்கள்.

அது எடுப்புக் கக்கூஸ். தண்ணீர் ஊற்றினால் போய்விடாது, ஒருவர் வந்து எடுக்க வேண்டும். எடுக்க வருபவர் வீட்டுக்குள் வரக்கூடாது. அதனால் கக்கூஸுக்கு இரண்டு வழி வைத்தார்கள். வீட்டார் போக உள்பக்கம் கதவு. பின்சுவரில், தரையோடு தரையாக, தகர மூடி போட்ட ஒரு துவாரம். பின்சந்தில் நடந்துவரும் பெண் குனிந்து, மூடியைத் தூக்கி, தகரத்தாலும் துடைப்பத்தாலும் மலத்தை இழுத்துக் கூடையில் போட்டுத் தலையில் சுமந்து போவார். அந்தச் சந்துகளுக்கு ஆங்கிலேயர் கால ஆவணங்களில் ‘கன்சர்வன்சி லேன்’ என்று பெயர். ஊர்ப் பேச்சில் தோட்டிச் சந்து. சந்து இல்லாத வீடுகளில் பக்கவாட்டு நடை வழியாக வந்து போவார்கள். அவர் போன பிறகு நடை கழுவிவிடப்படும்.

எம்.ஏ. வகுப்பில் லூயி துய்மோனை வைத்து தூய்மை, தீட்டு என்று பாடம் நடத்தினார்கள். கருத்துகளின் எதிர்நிலை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். பின்னால்தான் தெரிந்தது, அது செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய விஷயம் என்று. வாசலுக்கும் கொல்லைக்கும் நடுவே உள்ள நீளம்தான் அந்த வீட்டின் சாதி.

சென்னையில் இந்த வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் யார்? தெலுங்கு பேசும் அருந்ததியர், ஆதி ஆந்திரர் குடும்பங்கள், ஆதிதிராவிடர் குடும்பங்கள். நகராட்சி வேலை என்ற பெயரில் சம்பளம் வந்தது. கூடவே வேறு வேலைக்குப் போக முடியாத முத்திரையும் வந்தது. பிறந்த குலம்தான் ஒருவரைத் தோட்டி ஆக்குகிறது, செய்யும் தொழில் அல்ல என்று அம்பேத்கர் 1940களில் வாதிட்டார். இந்த வேலையைத் தொடாமல் பட்டம் வாங்கி வந்தவரிடமும் ‘உங்க ஆளுங்க நம்பர்’ கேட்கப்படும்போது அந்த வாதம் எனக்குப் புரிகிறது.

சாக்கடை முன்தெருவுக்கு வந்தது

சென்னைக்குப் பாதாளச் சாக்கடை போடும் பேச்சு 1860களில் தொடங்கியது. 1865இல் கேப்டன் டல்லோக் என்ற பொறியாளர் நகர வடிகாலுக்கு ஒரு திட்டம் எழுதினார். 1870களில் வில்லியம் கிளார்க் இன்னொன்று எழுதினார். திட்டங்கள் வந்தன, பணம் வரவில்லை. 1872இல் செங்குன்றம் ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்துவிட்டார்கள். அதாவது வீட்டுக்குள் வரும் தண்ணீருக்கு முதலில் வழி செய்தார்கள். வெளியே போகும் கழிவுக்குப் பல வருஷம் கழித்துத்தான். நடுவில் இருந்த இடைவெளியை யார் தலை நிரப்பியது என்று சொல்ல வேண்டியதில்லை.

நகரம் முழுவதற்குமான பாதாளச் சாக்கடை அமைப்பு 1910இல் வடிவமைக்கப்பட்டது. 1961இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு ஒரு நாளைக்கு 114 லிட்டர் கழிவுநீர் என்று கணக்குப் போட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னையில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். அதற்குள் 1958இலேயே திட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 1978இல் இந்தப் பொறுப்பு மாநகராட்சியிலிருந்து புதிதாக அமைந்த குடிநீர் வாரியத்துக்குப் போனது.

தெருவில் சாக்கடை வந்ததும் எடுப்புக் கக்கூஸ் ஒழிந்துவிட்டதா? இல்லை. தெருவில் போவது அரசின் குழாய். வீட்டிலிருந்து அதுவரை போட வேண்டியது வீட்டுக்காரர் செலவு. பீங்கான் வேண்டும், குழாய் வேண்டும், தண்ணீர் வேண்டும். மாறாக, கூடையோடு வரும் பெண்ணுக்கு ஆன செலவு மிகக் குறைவு. எனவே இணைப்பு வாங்காமல் பல வீடுகள் பல வருஷம் ஓட்டின. டெல்லியின் வால்மீகி சமூகத்தைப் பற்றி விஜய் பிரசாத் எழுதிய ஆய்வும் இதையே காட்டுகிறது. மலிவான சாதி உழைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை தொழில்நுட்பத்தில் பணம் போட நகராட்சிக்கு அவசரம் இருக்கவில்லை. வீட்டுக்காரருக்கும் இருக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகும் அவசரம் வரவில்லை. 1949இல் பம்பாய் மாகாணத்தில் பார்வே குழு, 1957இல் மத்திய அரசின் மல்கானி குழு என்று விசாரணைக் குழுக்கள் அமைந்தன. அரசு முன்னெடுத்த முக்கியமான சீர்திருத்தம் என்ன தெரியுமா? தலைச்சுமைக்குப் பதில் தள்ளுவண்டி. கக்கூஸ் அப்படியே, எடுப்பவர் அப்படியே. கூடை மட்டும் தலையிலிருந்து சக்கரத்துக்கு இறங்கியது.

சரி, கடைசியில் வீட்டுக்காரர் இணைப்பு வாங்கினார். இப்போது நம் குழாய்க்கு வருவோம். கழிப்பிடம் கொல்லையின் கடைக்கோடியில். புதுச் சாக்கடை வாசலுக்கு எதிரே, முன்தெருவில். பின்சந்து இருந்த இடங்களில் சந்திலேயே குழாய் போட முடிந்தது. சந்து இல்லாத வீடுகளில், பக்கத்து நடையையும் அடைத்துக் கட்டிவிட்ட வீடுகளில், ஒரே வழிதான் இருந்தது. கொல்லையில் தொடங்கி, கிணற்றடி, அடுக்களை, கூடம், முற்றம், ரேழி, திண்ணை என்று வீட்டின் முழு நீளத்துக்கும் அடியில் குழாயைக் கொண்டுபோய்த் தெருவில் சேர்க்க வேண்டும். எதை வீட்டிலிருந்து முடிந்த அளவு தள்ளி வைத்தார்களோ, அது அதனாலேயே வீட்டின் எல்லா அறைகளுக்கும் அடியில் ஓட வேண்டி வந்தது.

இது தவறு என்று அன்றைய பொறியாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. கட்டடத்துக்கு அடியில் கழிவுக் குழாய் போகக்கூடாது என்பது 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் சுகாதார விதிகளிலேயே உண்டு. வேறு வழியே இல்லாவிட்டால் நேர்கோட்டில் போட வேண்டும், சுற்றிலும் கான்கிரீட் போட வேண்டும், இரண்டு முனையிலும் திறந்து பார்க்க வழி வைக்க வேண்டும். கான்கிரீட் செலவு, நேர்கோடு செலவு. பழைய வீடுகளில் தரையை உடைத்தவர்களைக் கேளுங்கள், எத்தனை வீட்டில் இந்த மூன்றையும் பார்த்தார்கள் என்று.

பழைய குழாய் ஏன் உடைகிறது?

அன்று போட்டது ஸ்டோன்வேர் குழாய். சுட்ட களிமண், மேலே உப்பு மெருகு. சாதாரணமாக 4 அங்குலம் அல்லது 6 அங்குல விட்டம். நல்ல பொருள்தான், அமிலம் அரிக்காது, நூறு வருஷம் தாங்கும். ஆனால் ஒரு துண்டு 2 அடிதான் நீளம். 100 அடி நீள வீடு என்றால் 50 துண்டு, 49 இணைப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் தார் தோய்த்த சணலைச் சுற்றி சிமென்ட் கலவை பூசினார்கள். குழாய் நூறு வருஷம் இருக்கும், பூச்சு இருக்காது. தரை கொஞ்சம் இறங்கினாலும் பூச்சில் விரிசல் விழும். விரிசலில் ஈரம் கசியும், ஈரத்தைத் தேடி வேப்ப மரத்து வேரும் அரச மரத்து வேரும் வரும். வேர் நுழைந்த இடத்தில் துணி மாட்டும், துணியில் எல்லாம் மாட்டும். இதுதான் அடைப்பு.

வாட்டம் இன்னொரு பிரச்சினை. 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி இறக்கம் வேண்டும் என்பது பழைய கணக்கு. 100 அடி வீட்டில் பின்கட்டுக்கும் வாசலுக்கும் இரண்டரை அடி இறங்க வேண்டும். சென்னை தட்டையான ஊர். அந்த இரண்டரை அடி கிடைப்பதே கஷ்டம். வாட்டம் குறைந்தால் தண்ணீர் போய்விடும், மலம் தங்கிவிடும். குழாயைப் பெரிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்த தண்ணீர் பெரிய குழாயில் பரந்து ஓடும்போது இழுக்கும் வேகம் இன்னும் குறையும்.

இதற்கு மேல் தெரு. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, படி ஏறிப் போன வீடுகள் இன்று படி இறங்கிப் போகும் வீடுகள் ஆகிவிட்டன. மழையில் தெருச் சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் தெரு மட்டம் வரை ஏறும். உங்கள் வீட்டுத் தரை தெருவை விடத் தாழ்ந்திருந்தால் அது முதலில் உங்கள் பீங்கானில்தான் எட்டிப் பார்க்கும்.

கடைசியாக, நாமே செய்தது. குடும்பம் பெருகியது, கொல்லையை அடைத்து அறை கட்டினார்கள். திறந்த வெளியில் இருந்த சேம்பர் படுக்கையறைக்கு அடியில் போனது. மேலே டைல்ஸ் ஒட்டினார்கள். இப்போது அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கவே தரையை உடைக்க வேண்டும். குழாயை மறந்துவிட்டோம். ஆனால் குழாய் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கவில்லை.

வாளி போனது, ஆள் போகவில்லை

எடுப்புக் கக்கூஸில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாதாளச் சாக்கடை வந்தபோது அடைப்பு எடுக்க இறக்கப்பட்டவர்கள் ஆண்கள், பல இடங்களில் அதே குடும்பங்களின் ஆண்கள். வாளி அம்மாவிடம் இருந்தது, குழாய் மகனிடம் போனது. வாளி அவமானத்தையும் நோயையும் தந்தது. குழாய் அதோடு மரணத்தையும் தந்தது. மூடிய குழியில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்கிறது. அழுகிய முட்டை வாடை வரும்வரை மூக்கு எச்சரிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது. வாடை போய்விட்டது என்று நினைத்து இறங்குபவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கும் தம்பியும் விழுவார். மலக்குழி மரணச் செய்திகளில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவது இதனால்தான்.

சட்டம் இந்தக் குழாயை நீண்ட நாள் பார்க்கவில்லை. 1993இல் வந்த முதல் மத்தியச் சட்டம் எடுப்புக் கக்கூஸைத் தடை செய்தது. கையால் மலம் சுமப்பவரைப் பற்றிப் பேசியது. சாக்கடைக்குள் இறங்குபவர் அதன் வரையறைக்குள் வரவில்லை. 2003இல் சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பெஜவாடா வில்சன் கோலார் தங்க வயல் நகரியத்தில், தன் வீட்டாரே செய்த இந்த வேலையைப் பார்த்து வளர்ந்தவர். அங்கிருந்து தொடங்கிய போராட்டம் அது. 2013இல் புதிய சட்டம் வந்தது. டிசம்பர் 6ஆம் தேதி, பாபாசாகேப் மறைந்த நாளில், அது நடைமுறைக்கு வந்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச்சில் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

இந்தச் சட்டத்தைப் படிக்காத தோழர்கள் இரண்டு பகுதிகளையாவது படிக்க வேண்டும். ஒன்று, ‘சாக்கடை’ என்பதற்கு அது தரும் விளக்கம். மனித மலத்தைக் கொண்டுபோகும் எந்த நிலத்தடிக் குழாயும் சாக்கடைதான். தெருவில் போவது, வீட்டுக்கு அடியில் போவது என்ற பிரிவு அதில் இல்லை. இரண்டு, 7ஆம் பிரிவு. ஆபத்தான முறையில் சாக்கடையையோ மலத்தொட்டியையோ சுத்தம் செய்ய எந்த உள்ளாட்சியும், எந்த நிறுவனமும், எந்த நபரும் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை வைக்கக் கூடாது. ‘எந்த நபரும்’ என்பதில் வீட்டுக்காரரும் அடக்கம். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விடக்கூடாத குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தமும் பட்டியல் சாதியினரை இந்த வேலையில் ஈடுபடுத்துவதைத் தனிக் குற்றமாக்கியிருக்கிறது.

ஓட்டையும் இருக்கிறது. பாதுகாப்பு உபகரணம் கொடுத்துச் செய்ய வைத்தால் அது ‘ஆபத்தான சுத்தம்’ ஆகாது என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரு ஜோடி கையுறையை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, கொடுத்தேன், அவர்தான் போடவில்லை என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேசியத் தூய்மைப் பணியாளர் ஆணையம் 2019இல் சொன்ன கணக்கில், 1993 முதல் பதிவான மலக்குழி மரணங்களில் 200க்கு மேல் தமிழ்நாட்டில். மாநிலங்களில் நாம்தான் முதலிடம். சமூக நீதி மண் என்று மேடையில் பேசும்போது இந்த முதலிடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெருக்களுக்கு ஜெட் ராடிங் வண்டி வந்துவிட்டது, ரோபோ வந்துவிட்டது, 2023 மத்திய பட்ஜெட் உரையில் ‘மேன்ஹோல்’ இனி ‘மெஷின் ஹோல்’ ஆகும் என்று அறிவித்தார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் அந்த வண்டி வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. வாசலுக்கு உள்ளே இருக்கும் குழாய், சேம்பர், தொட்டி எல்லாம் வீட்டுக்காரர் பாடு. அங்கே டெண்டர் இல்லை, மேஸ்திரி இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. ஒரு போன் நம்பர் இருக்கிறது. இறந்தால் மட்டும் எஃப்.ஐ.ஆர். இருக்கும்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊர்க் குழாயை எல்லாம் சரிசெய்யும் மக்கள் வாழும் குடியிருப்புகளில் குழாய் எப்படி இருக்கிறது? 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். மேல்மாடியிலிருந்து இறங்கும் குழாய் உடைந்து சுவரோரமாக ஒழுகும். சேம்பர் மூடி இருக்காது. அங்கே குழந்தைகள் விளையாடுவார்கள். மனு கொடுத்தால், “உங்க ஆளுங்களே பாத்துக்கலாமே” என்று பதில் வந்த கதையை ஓர் அக்கா எனக்குச் சொன்னார். திருவல்லிக்கேணியில் நான் கேட்ட அதே சொல்.

குழாயை எப்படி மாற்றுவது?

இதைப் படிக்கும் மாணவர்கள் பலர் வாடகை வீட்டில், விடுதியில் இருப்பீர்கள். நாளை சொந்த வீடு கட்டுவீர்கள். எனவே இதையும் எழுதுகிறேன். பழைய குழாயை யாருடைய உயிருக்கும் மானத்துக்கும் கேடு இல்லாமல் மாற்ற முடியும்.

முதல் கேள்வி: அதே இடத்தில் திரும்பப் போடத்தான் வேண்டுமா? பல வீடுகளில் வேண்டாம். பக்கத்து நடை வழியாக, அல்லது கழிப்பறையையே வாசல் பக்கம் மாற்றி, புது வழியில் குழாய் போடலாம். பழையதைத் தண்ணீர் அடித்துக் கழுவி, இரண்டு முனையையும் அடைத்து மண்ணுக்குள்ளேயே விட்டுவிடலாம். தோண்டவே தேவையில்லை என்றால் தோண்ட ஆளும் தேவையில்லை. பின்கட்டில்தான் கக்கூஸ் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் போனால் வீட்டுக்கு அடியில் குழாய் போக வேண்டிய அவசியமும் போகும்.

தோண்டித்தான் ஆக வேண்டும் என்றால், தரையில் கை வைக்கும் முன் கழிவுநீர் லாரியை வரவழைத்து சேம்பரைக் காலி செய்ய வேண்டும். லாரி உள்ளே வராது என்பார்கள். லாரி தெருவில் நிற்கும், அதன் ஹோஸ் உள்ளே வரும். வேலை முடியும்வரை கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது. குடும்பம் இரண்டு நாள் உறவினர் வீட்டுக்குப் போகட்டும். மூடிகளைத் திறந்து காற்றோட விட வேண்டும். எவ்வளவு ஆழம் குறைந்த சேம்பரானாலும் யாரும் தலையை உள்ளே விடக் கூடாது. அடைப்பு எங்கே என்று பார்க்கக் குழாய்க்குள் விடும் கேமரா இருக்கிறது. அடுக்குமாடி வீடுகளின் ஆழமான கழிவுநீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் இரண்டிலும் எந்தக் காரணம் சொன்னாலும் ஆளை இறக்கக் கூடாது. 14420 என்ற உதவி எண் இதற்காகத்தான் இருக்கிறது.

புதுக் குழாயில் வாட்டம் சரியாக இருக்கட்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சேம்பர், அதுவும் திறந்த வெளியில், டைல்ஸ் ஒட்டாமல். செங்குத்தாக ஒரே திருப்பம் வேண்டாம், சாய்வாக இரண்டு திருப்பம் வைக்கலாம். மேலே நின்றபடியே கம்பியோ ஜெட் ஹோஸோ விட முடிய வேண்டும். இறங்கிப் பார்க்கத் தேவையில்லாத சேம்பரைக் கட்டுவது பொறியியல் மட்டும் அல்ல.

இன்னொன்று. பழைய குழாயை எடுப்பதும் பிளம்பிங் வேலைதான். புதுக் குழாய் போடுபவர் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு பழையதையும் எடுக்கட்டும். “அதுக்கு வேற ஆளு” என்று சொன்னால் அந்த ஆளின் சாதி என்ன என்று வெளிப்படையாகக் கேளுங்கள். பதில் சொல்லச் சங்கடப்படுவார்கள். அந்தச் சங்கடம் வரட்டும்.

பெயர் தெரியாத பையன்

திருவல்லிக்கேணி வீட்டுக்காரரிடம் நான் நம்பர் கொடுக்கவில்லை. சட்டத்தைச் சொன்னேன், சிறைத் தண்டனையைச் சொன்னேன். முகம் மாறியது. பிறகு பக்கத்து நடையைக் காட்டி, குழாயை இப்படிக் கொண்டுபோகலாமே என்றேன். யோசித்தார். செலவைக் கேட்டார். பார்க்கலாம் என்றார்.

மூன்று வாரம் கழித்துப் பாட்டியைப் பார்க்கப் போனேன். உதவித்தொகை வந்துவிட்டது. நடை ஓரமாகப் புது பி.வி.சி. குழாய் போயிருந்தது. சேம்பர் மூடிகள் வெளியே தெரிந்தன. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். பழைய கொல்லைச் சேம்பரையும் காட்டினார், சுத்தமாகத் தூர்த்து சிமென்ட் போட்டிருந்தார்கள்.

“இதை யார் சார் காலி பண்ணாங்க?”

“ஒரு பையன் வந்தான் மேடம். அரை நாள்ல முடிச்சிட்டான்.”

“லாரி வரலையா?”

“இதுக்குப் போய் லாரியா? கொஞ்சம்தானே இருந்துது.”

“அந்தப் பையன் பேரு என்ன சார்?”

அவருக்குத் தெரியவில்லை. பிளம்பரிடம் போன் செய்து கேட்டார். பிளம்பருக்கும் தெரியவில்லை. கூப்பிட்டால் வருவான் என்று மட்டும் தெரிந்திருந்தது.

குழாய் இடம் மாறியதே ஒரு மாற்றம்தான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இனி அந்த அடுக்களைக்கு அடியில் எதற்காகவும் யாரும் தோண்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கடைசி அரை நாள் வேலைக்கும் ஒரு பெயர் தெரியாத பையன் தேவைப்பட்டான். உங்கள் தெருவில், உங்கள் விடுதியில், உங்கள் நண்பர் வீட்டில் அடுத்த முறை அடைப்பு என்று சொல்லும்போது யார் வருகிறார் என்று போய்ப் பாருங்கள். இறங்க விடாதீர்கள். அவர் பெயரைக் கேளுங்கள்.

ஜெய்பீம்.